கம்பி பாய் சொல்லாமல் விட்டது

கொதிக்கிற தண்ணீரில் ஒரு பிளேட்டைப் போட்டுக் கெடுத்துக் காட்டிய பிறகுதான் ஹனீஃபா பாய் புது ஆட்களை வாயைத் திறக்கச் சொல்கிறார். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் இளஞ்சிவப்புத் தகடு, அதன் ஓரத்தில் பல்லைத் தள்ளுகிற கம்பிச் சுருள். அதற்குத்தான் பிளேட் என்று பெயர். குண்டானிலிருந்து அதை இடுக்கியால் எடுத்து, மாவில் வார்த்த பல் அச்சின் மேல் வைக்கிறார். சற்று முன் கச்சிதமாக உட்கார்ந்த சாமான் இப்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடுகிறது.

"பாத்தீங்களா? கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா வேற பல்லைப் போய் இடிக்குது. பச்சைத் தண்ணியில கழுவுங்க. சுடுதண்ணி கிட்டயே கொண்டு போவாதீங்க."

ஜமுனாமரத்தூரில் சந்தை கூடும் நாளில், புளி ஏற்ற வரும் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறி வருவார். வாணியம்பாடியில் ஒரு பல் டாக்டரிடம் பல் செட்டும் பிளேட்டும் செய்து கொடுக்கிறவர். டாக்டர் இல்லை, அதை அவரே முதலில் சொல்லிவிடுவார். மலையில் அளவு எடுத்துக்கொண்டு போவார். டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் கம்பி. அருணகிரியின் புளி மண்டி முன்கட்டில் ஒரு ஸ்டூல், ஒரு தகரப் பெட்டி, ஒரு ஸ்டவ், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. ஊரார் வைத்த பெயர் கம்பி பாய். ஊரார் பல்லையெல்லாம் வரிசைப்படுத்த வந்த மனிதருக்குக் கீழ்வரிசைப் பற்கள் பஸ்ஸுக்கு முண்டுகிற கூட்டம் மாதிரி நிற்கும். முகத்தை மறந்துவிடுவார், பல்லை மறக்கமாட்டார். "யாரு, சுப்பிரமணியா? வாயத் தொற, சொல்றேன்" என்பார்.

சுடுதண்ணீரோடு விடமாட்டார். ஒன்றரை வருஷம் ஆகும், மாசா மாசம் வந்தாக வேண்டும், விதைப்பு இருக்கிறது, அறுப்பு இருக்கிறது என்று நிற்கக் கூடாது. முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் ஒழுகும், பிள்ளைகள் கேலி செய்யும். களி தின்னலாம், சாமைச் சோறு தின்னலாம், வறுத்த புளியங்கொட்டையைக் கடித்தால் கம்பி போச்சு. சொத்தைப் பல் இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். பல் நேரான பிறகும் ராத்திரியில் மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். இதையெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பத்துப் பேரில் எட்டுப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

"பாய், நீ கம்பி கட்ற ஆளா, கட்டாதேன்னு தொரத்துற ஆளா?" என்று அருணகிரி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கேட்பார்.

"தெரிஞ்சு வரட்டும்ங்க. தெரியாம வரக் கூடாது."

முன்பு அவர் இப்படி இல்லை. ஐம்பத்தாறாம் வருஷம், டாக்டரையும் கேட்காமல், நாமே கட்டினால் என்ன என்ற மிதப்பில் மலையில் முதல் கம்பியைக் கட்டினார். மலை மேல் ஒரு ஊரிலிருந்து ரத்தினம்மாள் தன் மகளைக் கூட்டி வந்திருந்தாள். அம்மாக்கண்ணுவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் உதட்டை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அந்தப் பல் உள்ளே போனால் போதும், மறுபடி பள்ளிக்கூடம் போவேன் என்றது பெண். அன்றைக்குப் பாய் சொன்னது இரண்டே இரண்டு பேச்சு. தாயிடம், "பளபளன்னு சுத்தமா வெச்சுக்கணும்." மகளிடம், "வலிக்குதுன்னா பல்லு நவுருதுன்னு அர்த்தம். இன்னா ஆனாலும் கயட்டக் கூடாது."

அந்த ஊரில் அம்மன் திருவிழா வந்தால் வீட்டுப் பித்தளையெல்லாம் புளித்தண்ணீரில் வேகும். சாமி சொம்பு, விளக்கு, தாம்பாளம் எதுவும் தப்பாது. மகளின் வாயில் இருக்கிற கம்பி மட்டும் மங்கலாக இருக்கலாமா? ரத்தினம்மாள் அதையும் பானையில் போட்டாள். பயபக்தியோடுதான் போட்டாள். தகடு துளி சுருங்கியது, யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அப்புறம் அடைமழை. மலைப்பாதை சரிந்து, லாரி ஏற எழுபது நாள் ஆயிற்று. அந்த எழுபது நாளும், தள்ள வேண்டிய பல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் நேராக இருந்த நல்ல பல்லைக் கம்பி நெம்பிக்கொண்டே இருந்தது. பெண் சோறு இறங்காமல் கஞ்சி குடித்தது, அழுதது, கழற்றவில்லை. அவர்தான் சொல்லியிருந்தாரே.

சந்தை கூடியதும் வந்தார்கள். ஈறு சீழ் கட்டியிருந்தது. குறடு தேவைப்படவில்லை, பல் அவர் விரலோடு வந்துவிட்டது. பெண் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இப்ப நவுந்துடுச்சா பாய்?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவர் தாயின் மேல் பாய்ந்தார். "யாரும்மா இதை வேக வெக்கச் சொன்னது? அறிவு இருக்குதா உனக்கு?" சந்தைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. ரத்தினம்மாள் தலையைக் குனிந்துகொண்டு மகளைக் கூட்டிப் போனாள். கொதிதண்ணீர் ஆகாது என்று அவர் சொல்லவே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. வலி பொறுக்கவில்லை என்றால் கழற்றிவிடச் சொல்லியிருந்தால் பல் தப்பியிருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவர் ஒருவரைத் தவிர.

காலி இடத்துக்கு ஒரு பொய்ப் பல் செய்து போட்டார். இதுவரை மூன்று முறை மாற்றியாயிற்று. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நிறம் சேரவே மாட்டேன் என்கிறது. பெண் பள்ளிக்கூடம் போகவில்லை, கல்யாணமாகிப் போய்விட்டாள். ஒவ்வொரு முறையும் ரத்தினம்மாளைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று நினைப்பார், விசாரித்ததில்லை. ஒரு வார்த்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பத்து வருஷமாக மனசில் வைத்திருந்தார்.

போன மாதம் அம்மாக்கண்ணு தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாந்தம்மாள், பதினோரு வயசு, அதே எட்டிப் பார்க்கிற பல்.

"அம்மா வரலியா?" என்றார், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னாலேயே.

"அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு பாய். சாவற வரைக்கும் அதையே சொல்லி அழுவும். நானே எம் பொண்ணு பல்லை வேக வெச்சுக் கெடுத்துட்டேனேன்னு."

பாய் அளவு எடுக்கும் மாவைக் கிண்ணத்தில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்க ஆரம்பித்தார். கலக்கிக்கொண்டே சின்னவளைப் பார்த்து, "பாப்பா, கம்பி போட்டா வலிக்கும். பொறுக்க முடியலேன்னா இன்னா செய்வே?" என்றார்.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள்.

"பொறுத்துக்குவா பாய். நான் சொல்லித்தான் கூட்டியாந்தேன்" என்றாள் அம்மாக்கண்ணு.

"பொறுக்கக் கூடாது" என்றார் பாய். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "மொத ரெண்டு நாளு லேசா வலிக்கும். அதுக்கு மேல வலிச்சா கயட்டிடணும். கயட்டி, பச்சைத் தண்ணியில போட்டு வெச்சுட்டு, எங்கிட்ட எடுத்தாரணும். அதுதான் சரி."

அம்மாக்கண்ணு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம்தான்.

"அப்ப ஏன் பாய் எங்கிட்ட கயட்டக் கூடாதுன்னு சொன்னீங்க?"

அந்த மாவு கலக்கிய இரண்டு மூன்று நிமிஷத்தில் இறுகிவிடும். அதற்குள் வாயில் வைத்துவிட வேண்டும். சாந்தம்மாள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். பாய் குனிந்த தலை நிமிராமல் கலக்கிக்கொண்டே இருந்தார். மாவு இறுகி, கரண்டி கிண்ணத்தோடு அசையாமல் நின்ற பிறகும், அவர் கை அதைச் சுற்றப் பார்த்துக்கொண்டிருந்தது.