ஹேமாவதி பியட்டைப் பிரித்த கதை

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள், சிலர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். ஹேமாவதி ஸ்பானரை எடுத்தாள். அதுவும் சின்னக் கோபம் இல்லை. இரண்டு வருஷமாக அடைகாத்த கோபம்.

திருமுல்லைவாயில் ரயிலடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவள் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் பாவாடை தாவணி வயதில் சேர்ந்து, நரைத்த தலையோடு ஓய்வு பெற்றவள். மிக்ஸி நின்றாலும் சரி, ஃபேன் மக்கர் பண்ணினாலும் சரி, அந்த வீட்டிலிருந்து எதுவும் ரிப்பேர் கடைக்குப் போனதில்லை. ஹாலில் பேப்பரை விரித்து, பிரித்து, துடைத்து, மாட்டி ஓட வைத்துவிடுவாள். அவள் கை வைக்காத ஒரே பொருள் வீட்டுப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நின்ற பியட் கார். அது அவள் புருஷன் தங்கராஜின் ராஜ்ஜியம்.

தங்கராஜ் அதே எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழைய வெள்ளை பியட்டைத் தவணையில் இவர் தலையில் கட்டினார். தெருவே சிரித்தது. சைக்கிளுக்கே காற்றடிக்கச் சோம்பல்படுகிறவன் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்றார்கள். ஹேமாவதியும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் திருவேற்காட்டுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டார். முன்சீட்டு ஒரே நீளமாக, பெஞ்சு மாதிரி இருந்தது. கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டி இருந்ததால் இரண்டு பேருக்கும் நடுவில் எதுவும் இல்லை. ஆவடி ரோட்டில் திரும்பும்போது தானாகவே அவர் பக்கம் சரிந்தாள். அதற்கப்புறம் அவளுக்குக் கார் மேல் ஒரு குறையும் இல்லாமல் போய்விட்டது.

அந்தக் காரில் அவர்கள் போகாத இடம் இல்லை. மகள் எழிலரசிக்குக் காது குத்தத் திருத்தணி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பூண்டி ஏரி, பட்டாபிராமில் ஹேமாவதியின் அக்கா வீடு. ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் அவள் தலையில் வைத்த மல்லிகையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இப்போதும் பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது அவளுக்கு அந்த மல்லிகை இல்லாதது உறைக்கும்.

ஒரே ஒரு விஷயம்தான் எரிச்சல். எங்கே கல்யாணத்துக்குப் போனாலும் வண்டியை நிறுத்தியதும் தங்கராஜ் பானெட்டைத் தூக்குவார். உள்ளே கையை விட்டு எதையோ தடவுவார். மூடிவிட்டு, சட்டைப்பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு வருவார். பட்டுப்புடவையோடு வெயிலில் நிற்கிற இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னா, அதுக்கு முத்தம் குடுத்துட்டியா? போலாமா?"

"சொல்லிக்கினு போவாட்டி கோச்சிக்கும் ஹேமா" என்பார் தங்கராஜ். அத்தனை வருஷமும் அவள் அதை அப்படியே நம்பினாள். வண்டிப் பைத்தியம் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலையில் தங்கராஜ் பால் வாங்கிக்கொண்டு வந்தார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, வாய் கோணியது, பேச்சு வரவில்லை. எதிர்வீட்டு பாபு கால் டாக்சி ஓட்டுகிறவன். அவன் டாக்சியை அன்றைக்கு சர்வீசுக்கு விட்டிருந்தான். பியட் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினான். வண்டி கிர்ர் கிர்ர் என்று சுற்றியதே தவிர எடுக்கவில்லை. சோக்கை இழுத்துப் பார்த்தான், மிதித்துப் பார்த்தான். பேட்டரி இறங்கும்வரை போராடினான். நாற்காலியில் இருந்த தங்கராஜ் காரைப் பார்ப்பதும் நெஞ்சை அடித்துக்கொள்வதுமாக இருந்தார். அவருக்கு வலி தாங்கவில்லை என்று ஹேமாவதி கதறினாள்.

அப்புறம் ஆட்டோ வந்தது. ஆட்டோவில் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினார். சட்டைப்பையில் கைக்குட்டையும் என்னவோ கெட்டியான சாமானும் தட்டுப்பட்டன. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். அவர் இல்லை இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் கை தளர்ந்துவிட்டது.

பெரிய அட்டாக், வீட்டு வாசலிலேயே ஆம்புலன்ஸ் நின்றிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். ஹேமாவதி அதைக் காதில் வாங்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லி அழுதாள். "பெத்த புள்ள மாதிரி பாத்துகினாரே. அது கைவுட்டுருச்சே." ஆஸ்பத்திரியில் கட்டிக்கொடுத்த அவர் துணிகளைப் பையோடு பீரோ மேல் தூக்கிப் போட்டாள். காரைத் தார்ப்பாய் போட்டு மூடினாள். தினமும் அதைத் தாண்டித்தான் கோலம் போட வரவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். மனுஷர்களோடு சண்டை போட்டுப் பேசாமல் இருப்பார்களே, அப்படி.

இந்தத் தை மாசம் எழிலரசி வந்து உட்கார்ந்தாள். அம்பத்தூரில் ஐடி கம்பெனி வேலை, சொந்த ஃபிளாட்.

"அம்மா, அந்தக் காரைப் பாக்கறப்பல்லாம் நீ ஒருமாதிரி ஆயிடற. பழைய இரும்புக்காரர்கிட்ட பேசிட்டேன். அடுத்த மாசம் வந்து எடுத்துப்பாரு."

"எடுத்துகினு போவட்டும்" என்றாள் ஹேமாவதி. "ஆனா ஏன் அன்னிக்கி எடுக்கலன்னு எனக்குத் தெரியணும். தெரியாம அனுப்ப மாட்டேன்" என்றாள்.

"உள்ள ஏதோ போயிருக்கும்மா."

"இன்னா போச்சு? அத்தப் பாக்கறேன்."

மறுநாள் காலையில் தார்ப்பாயை உருவினாள். தங்கராஜின் ஸ்பானர் பெட்டியை இறக்கினாள். மொபைலில் எவனோ ஒரு பஞ்சாபிக்காரன் பியட் இஞ்சினைப் பிரிக்கிற வீடியோவை எழிலரசியின் மகன் போட்டுக்கொடுத்திருந்தான். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. கழற்றுகிற ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தாள். முறுக்கு டின், ஹார்லிக்ஸ் பாட்டில், தீபாவளி ஸ்வீட் டப்பா என்று வீட்டில் இருந்ததெல்லாம் நட்டு போல்ட்டுக்குப் போயிற்று. எது எந்த டப்பா என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

ரேடியேட்டர் இறங்கியது. கார்ப்பரேட்டர் வந்தது. பிளக்குகளுக்குப் போகும் வயர்களுக்கு நாலு கலர் நூல் கட்டி உருவினாள். கரண்டை நாலு பிளக்குக்கும் பங்கு பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தாள். நடுவில் ஒரு தண்டு பளிச்சென்று நின்றது. உடைசலும் இல்லை, கருகலும் இல்லை. இதிலும் ஒன்றுமில்லை என்று மூடி வைத்தாள். இஞ்சின் மேல்பாகத்தைத் தூக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. பாபுவைக் கூப்பிட்டாள். அவனுக்கு அந்தக் காரைத் தொடவே தயக்கம். அன்றைக்கு நாம் ஒழுங்காக ஸ்டார்ட் பண்ணவில்லையோ என்ற நினைப்பு அவனுக்கும் நெஞ்சுக்குள்ளே கிடந்தது.

"தூக்குடா. நீ இன்னா பண்ணுவ, அது எடுக்கல" என்றாள் ஹேமாவதி.

தூக்கினார்கள். உள்ளே நாலு பிஸ்டனும் கரி படிந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தாள். தேய்மானம் இல்லை. துடைக்கத் துடைக்க அவள் கோபம் ஏறியது. உள்ளே எதுவோ உடைந்து தொங்கும், அதைப் பிடித்துத் திட்டித் தீர்க்கலாம் என்று வந்தவள். உடையவில்லை என்றால்? ஒரு கேடும் இல்லாமலா அன்றைக்கு இது எடுக்காமல் நின்றது? கறுப்புக் கையோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பாபு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யாராச்சும் தெரிஞ்ச ஆளக் கூட்டியாடா. வந்து எது செத்துச்சுன்னு சொல்லட்டும்."

பாபு ஆவடி மார்க்கெட் பின்னாலிருந்து முகமது இஸ்மாயிலைக் கூட்டிவந்தான். பழைய வண்டிகளோடு தலை நரைத்த மெக்கானிக். சிரிக்கத் தெரியாத முகம். வந்தவர் டப்பாக்களையும் பாட்டில்களையும் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"இன்னாம்மா இது? நல்லா இருந்த இஞ்சினக் கறி போட்ட மாதிரி கூறு கட்டி வெச்சிகீறீங்க?"

"நல்லா இருந்தா ஏன் பாய் எடுக்கல? அத்தச் சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். வால்வைப் பார்த்தார், பிஸ்டனைப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தட்டித் திறந்தார்.

"ரோட்டார் எங்க?"

"எது?"

"இந்தத் தண்டு மேல ஒரு மூடி உக்காந்திருக்கும்மா. பிரௌன் கலரு, மேல பித்தளைத் தகடு. கட்ட வெரல் தண்டிதான் இருக்கும். எந்த டப்பால போட்டீங்க?"

"அதுல ஒண்ணும் இல்ல பாய். நான் தொறக்கறப்பவே இப்பிடித்தான் இருந்துச்சு."

இஸ்மாயில் நம்பவில்லை. ஹேமாவதி மொபைலை எடுத்து, மூடி திறந்ததும் எடுத்த போட்டோவைக் காட்டினாள். மொட்டைத் தண்டு. அவர் வெகு நேரம் அதைப் பார்த்தார்.

"அப்போ உங்க ஊட்டுக்காரர்தான் எடுத்து வெச்சிருப்பாரு. அந்தக் காலத்து ஆளுங்க பழக்கம்மா இது. வெளிய வண்டிய நிறுத்துனா, திருட்டு பயத்துக்கு இத்த உருவி பாக்கெட்ல போட்டுகினு போவாங்க. இது இல்லாட்டி செல்ப் நல்லா சுத்தும். வண்டி மட்டும் எடுக்காது."

"ஊட்டுல நிக்கிற வண்டிக்கு எதுக்கு பாய்?" என்று கேட்டாள் ஹேமாவதி.

பாபுதான் பதில் சொன்னான். "பெரிம்மா, அந்த வாரந்தான் நம்ம தெருவுல மாருதி காணாப்போச்சு. பெரிப்பா ஊடு ஊடாப் போய் ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லிகினு இருந்தாரு."

ஹேமாவதி எழுந்து உள்ளே போனாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பீரோ மேலிருந்த பை தூசியாக இருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கிழித்தாள். அன்றைக்கு அவர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை. சட்டைப்பையில் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் பத்திரமாகச் சுற்றி, பித்தளைத் தகடு வைத்த பிரௌன் மூடி.

கல்யாண மண்டப வாசல்களில் அவர் பானெட்டுக்குள் கை விட்டதும், சட்டைப்பையைத் தட்டிக்கொண்டு வந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அப்புறம் அந்த விடியற்காலை வந்தது. அவர் வலியில் நெஞ்சை அடித்துக்கொள்ளவில்லை. இதோ இருக்கிறது, எடுத்து மாட்டுங்கள் என்று சட்டைப்பையை அடித்துக் காட்டியிருக்கிறார். ஆட்டோவில் அவள் கையைப் பிடித்து வைத்ததும் இதன் மேல்தான். அவள் அதை ஒதுக்கிவிட்டுத் தடவிக்கொடுத்திருக்கிறாள்.

"அய்யோ, புரியலையே எனக்கு" என்று சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். "இத்தினி வருசம் கூட இருந்தும் நீ சொன்னது புரியலையே."

அழுது முடித்துவிட்டு வெளியே வந்தாள். எலும்புக்கூடாக நின்ற காரின் மட்கார்டின் மேல் கையை வைத்தாள். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அதோடு பேசினாள். "உன்னயப் போய் ரெண்டு வருசமாத் திட்டினேனே. உன் மேல இன்னா தப்பு கீது?" இஸ்மாயிலும் பாபுவும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பழைய இரும்புக்காரருக்கு எழிலரசியே போன் பண்ணி வர வேண்டாம் என்று சொன்னாள். இஸ்மாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். இஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் வைக்கிற புது கேஸ்கட்டைத் தேடிக்கொண்டு வந்தார். மாட்டும்போது ஒரு நட்டுக்குக்கூட அவர் கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. கேட்பதற்கு முன்னால் ஹேமாவதி டப்பாவைத் திறந்து நீட்டினாள். திட்டுவதற்குச் சாக்குக் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பங்குனி பிறந்த ஞாயிற்றுக்கிழமை, புது பேட்டரி போட்டு, பெட்ரோல் ஊற்றினார்கள். எழிலரசி அடுப்பில் வைத்த டீயை மறந்துவிட்டு வந்து நின்றாள். கடைசியாக ரோட்டாரை ஹேமாவதியிடமே கொடுத்தார் இஸ்மாயில். அவள் முந்தானையால் துடைத்துத் தண்டின் மேல் வைத்து அழுத்தினாள். சரியாகப் போய் உட்கார்ந்தது.

பாபு சாவியைத் திருப்பினான். முதல் தடவை கிர்ர் என்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது. இரண்டாம் தடவை வண்டி ஒரு இருமல் இருமி, புகையைத் தள்ளி, எடுத்துக்கொண்டது. அதே சத்தம். ஆவடி ரோட்டில் அவள் சரிந்து உட்கார்ந்தபோது கேட்ட சத்தம். ஹேமாவதி முன்சீட்டில் தன் பக்கம் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாபு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து விக்கி விக்கி அழுதான்.

கிளம்பும்போது இஸ்மாயில் பழக்க தோஷத்தில் பானெட்டைத் தூக்கினார். ரோட்டாரை உருவி ஹேமாவதியிடம் நீட்டினார். "பத்திரமா வெச்சிக்கங்கம்மா. இந்த வண்டிக்கு இப்போ ஏகப்பட்ட கிராக்கி. எவனாச்சும் தள்ளிகினு போய்டுவான்."

ஹேமாவதி அதை வாங்கினாள். நேராகப் போய்த் திரும்பத் தண்டின் மேலேயே மாட்டி, மூடியைப் போட்டுக் கிளிப்பை அழுத்தினாள்.

"திருடுனா திருடிகினு போவட்டும் பாய். எந்த ஊட்டுல யாருக்கு எப்போ அவசரமோ." சாவியைப் பாபுவின் கையில் வைத்தாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும்டா. எந்நேரமானாலும் என்னய எழுப்ப வேணாம், எடுத்துகினு போ."