மைக் கெராமத் சொன்ன சாட்சி

லுத்ஃபர் தாலுக்தார் இறந்த செய்தி தொலைக்காட்சியில் காலையிலேயே வந்துவிட்டது. நாட்டின் முன்னாள் ஜனாதிபதி சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தார். இருந்தாலும் நல்சிரா ஊரில் ஒரு சாவு சாவாக வேண்டுமென்றால் மைக் கெராமத் சொல்லியாக வேண்டும். ரிக்‌ஷாவின் தலையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, "ஒரு துக்கச் செய்தி..." என்று அவர் இழுத்தபோது ஜனங்கள் கடை வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டார்கள். "நமது மண்ணின் மைந்தர்" என்று சொல்லும்போது அவருக்கு நாக்கு கசந்தது. அவர் அன்றைக்கு வெற்றிலைகூடப் போட்டிருக்கவில்லை.

மீசை அரும்பிய காலத்திலிருந்தே அவர் அந்தப் பெயரைத்தான் கூவிக்கொண்டிருந்தார். கல்லூரித் தேர்தலில் அது "நம்ம லுத்ஃபர் பாய்". பிறகு "ஏழைகளின் வக்கீல்", "மாண்புமிகு மந்திரி", கடைசியில் "மேதகு ஜனாதிபதி". இதற்குள் கட்சி மூன்று தடவை மாறியது. கோஷத்தின் மெட்டு மாறவில்லை, அது கெராமத்தின் மெட்டு. முதல் பாதியை மேலே தூக்கி, கடைசி எழுத்தைப் பட்டென்று வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் ஜனம் தானாகப் பாய்ந்து விழும். இழுத்தால் பாயாது. இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. மைதானங்களில் நின்று நின்று அவரே கண்டுபிடித்தது. ஊரும் அதற்குப் பழகிப்போயிருந்தது.

ராணுவ ஆட்சிக்கு எதிரான ஊர்வலத்தின்மீது ஒருநாள் படகுத்துறையில் சுட்டார்கள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கெராமத்தின் அண்ணன் செகந்தர் விழுந்தான். அவன் சட்டையைக் கழற்றித் தூக்கிப் பிடித்து, கெராமத்தின் மைக்கிலேயே லுத்ஃபர் முழங்கினார்: "இந்த ரத்தத்தைத் தாண்டி நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்!" ஊரே அழுதது. அடுத்த மழைக்காலத்தில் அதே ராணுவ அரசாங்கத்தில் அவர் மந்திரியானார். தாண்டவில்லைதான், மிதித்துக்கொண்டே போனார்.

மகனைச் சுட்டவர்கள்மேல் வழக்குப் போட வேண்டும் என்று கேட்க கெராமத்தின் அம்மா மந்திரி வீட்டுக்குப் போனாள். மந்திரி சாப்பிட்டு முடித்து, பல்லிடுக்கில் சிக்கிய இலிஷ் மீன் முள்ளை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தார். முள்ளை எடுத்து, பார்த்து, சாப்பிட்ட தட்டிலேயே தேய்த்துவிட்டுக் கேட்டார்: "எந்த செகந்தர்?"

ராணுவ ஆட்சி கவிழ்ந்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. படகுத்துறையில் தியாகி செகந்தர் சதுக்கம் எழும்பியது. ஜனாதிபதியான பிறகு அதே சதுக்கத்துக்குத் தன் தகப்பனாரின் பெயரை வைத்துக்கொண்டார். திறப்பு விழா, பெயர் மாற்று விழா இரண்டுக்கும் ரிக்‌ஷாவில் போய்க் கூவியவர் கெராமத். மேடைப் பொய் எல்லாருக்கும் தெரிந்த பொய், அதில் பாவமில்லை என்று அவர் தனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

சாவு அறிவிப்பு முடிந்து கெராமத் தன் மைக் கடைக்குத் திரும்பியபோது, செத்தவரின் மகனும் நகராட்சித் தலைவனுமான ராஷெதுல் காத்திருந்தான்.

"சாச்சா, நாளைக்கு ஜனாஸா தொழுகையில, அடக்கத்துக்கு முன்னால, வாப்பா எப்படிப்பட்ட மனுஷர்னு நான் கேப்பேன்ல? நீங்க மைக்ல முந்திக்கிட்டு 'நல்ல மனுஷர்'னு எடுத்துக் குடுத்துடுங்க. டிவியில நேரா காட்டுறாங்க. சத்தம் சும்மா அதிரணும்."

"அது ஜனங்க தானா சொல்றது தம்பி. எடுத்துக் குடுக்க அது என்ன கோஷமா?"

"இந்த ஊரு எதைச் சாச்சா தானா சொல்லிச்சு?" அவன் சிரித்தான். "சொல்லிட்டீங்கன்னா நகராட்சி மைக் வேலை கடைசிவரை உங்களுக்குத்தான். இல்லேன்னா பஜார்ல பெரிய பெரிய ஸ்பீக்கர் பாக்ஸா வாங்கி வச்சுக்கிட்டு ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."

வீட்டில் மனைவி ஜொஹுராவிடம் சொன்னார். அவள் மீனை அரிந்துகொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அந்தாளுக்காக அம்புட்டுப் பொய் சொன்ன வாய்தானே, இன்னும் ஒண்ணு சொன்னா புண்ணாயிடுமா?"

"அதெல்லாம் மேடை. இது ஜனாஸா. பெட்டியில கெடக்குற மையித்து முன்னால நின்னு சொல்றதை அல்லா சாட்சியா எடுத்துக்குவான்டி."

"செகந்தர் மச்சான் அங்க வந்து சண்டை போடுவாருன்னு பயமாக்கும்?"

"அவன் எங்க கேக்கப்போறான்? அங்கயும் எவன் மூட்டையையாவது தூக்கிட்டு நிப்பான். கேக்குறவன் வேற."

அவள் அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டு இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "கடையைச் சாத்திட்டு என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஈத்கா தொழுகை மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. சவப்பெட்டிமேல் அத்தர் குடம் குடமாக ஊற்றியிருந்தார்கள். அதையும் மீறி மருந்து நெடி குமட்டியது. செத்தவர் இருந்து விலகிய மூன்று கட்சிகளின் பெரிய மனிதர்களும் முதல் வரிசையில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். போன வாரம்வரை ஒருவர் பிறப்பை ஒருவர் சந்தேகித்தவர்கள். இப்போது ஒரே அளவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எந்தக் கட்சியில இருக்கும்போதுய்யா செத்தாரு?" என்று பின்வரிசையில் ஒரு மீன்காரர் கேட்டார்.

"இன்னும் முடிவு பண்ணலையாம். குடும்பத்துல பேசிக்கிட்டிருக்காங்க."

ராஷெதுல் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தான். "எங்க வாப்பா உங்களுக்கு நடுவுலதான் வாழ்ந்தாரு. அவரு எப்படிப்பட்ட மனுஷர்?" கேட்டுவிட்டுக் கெராமத்தைப் பார்த்தான்.

கெராமத் மைக்கை வாயருகே கொண்டுபோனார். என்ன சொல்வது என்று இரவே முடிவு செய்திருந்தார். தனக்கும் மேலே இருப்பவனுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொல்லத்தான் நினைத்திருந்தார். ஆனால் மைக்கைப் பிடித்ததும் தொண்டை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. தூக்கி, கடைசி எழுத்தைப் பட்டென்று வெட்டியது.

"அல்லாவுக்குத் தெரியும்!"

மைதானம் பாய்ந்து விழுந்தது: "அல்லாவுக்குத் தெரியும்!"

பின்வரிசை இன்னொரு தடவையும் சொன்னது. முதல் வரிசையில் ஒரு மந்திரி முஷ்டியை உயர்த்திவிட்டு, பிறகுதான் என்ன சொன்னோம் என்று விழித்தார். இமாம் யாருக்கும் யோசிக்க இடம் கொடுக்காமல் அவசரமாகத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

தொழுகை முடிந்து கெராமத் மூங்கில்களிலிருந்து வயரை அவிழ்த்தார். நெஞ்சில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தார், வரவில்லை. 'நல்ல மனுஷர்' என்று எடுத்துக் கொடுத்திருந்தாலும் இவர்கள் இதே தொண்டையால் இதே மாதிரிதான் கத்தியிருப்பார்கள். அவர்களை அப்படிப் பழக்கியதே அவர்தான். இதை நினைத்ததும் அவருக்கு அந்த மருந்து நெடி மறுபடியும் மூக்கில் ஏறியது.

ராஷெதுல் பக்கத்தில் வந்து, கேமராக்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னான்: "கடையைச் சாத்திடுங்க சாச்சா."

"சாத்திட்டுத்தான் வந்தேன் தம்பி," என்றார் கெராமத். "கொஞ்சம் காலை எடு. வயர மிதிச்சுக்கிட்டு நிக்கிறே."