தளபதிக்குப் பத்துப் பூ

காலை ஒன்பது மணிக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எக்ளின்ரன் வீதியும் மார்க்கம் ரோட்டும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் முதியோர் மாடிக் கட்டடத்திலிருந்து புறப்பட்டேன். போகிற இடம் நோர்த் யோர்க்கில் ஒரு சேமக்காலை. ரஷ்யச் சக்கரவர்த்தியின் படையில் ஜெனரலாக இருந்த ஒருவர் அங்கே அடக்கமாகியிருக்கிறார். மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண்ணுக்கு ரஷ்யத் தளபதியோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவருடைய பேத்தி வேரா என் எதிர்க் கதவுக்காரி.

வேராவுக்கு எண்பத்தேழு வயது. உயிர்ப்புத் திருநாள் கழிந்த ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, ரஷ்யர்களுக்கு இறந்தவர்களின் நாள். சிவப்புச் சாயம் போட்ட முட்டையைக் கல்லறையில் வைத்து, ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்ற செய்தியை இறந்தவர்களிடமும் சொல்லிவிட்டு வருவார்கள். வேரா ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. இந்தக் குளிர்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிள்ளை குட்டி இல்லாத மனுசி.

"ஒரு படையையே நடத்தியவர். இந்த வருடம் ஒருவரும் வராமல் கிடக்கப்போகிறார்" என்று சொல்லி அழுதார். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். இருவருக்கும் அது இரவல் மொழி, அதில் ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நான் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பத்து சிவப்பு கார்னேஷன் பூ வாங்கச் சொன்னார். முட்டையை அவரே கைக்குட்டையில் சுற்றித் தந்தார்.

பூ வாங்கியது சந்தியில் உள்ள தமிழ்க் கடையில், ஒரு பூ ஒன்றரை டொலர். காசாளர் பெண் எண்ணிப் பார்த்தாள்.

"அன்ரி, இதிலை பதினொண்டு கிடக்கு."

"தெரியும் பிள்ளை. பத்தெண்டு மொட்டையா விடக்கூடாது."

"நல்ல காரியத்துக்கோ?"

"சேமக்காலைக்குப் போறன்."

அவள் முகம் சட்டென்று மாறியது. "கவனமாப் போட்டு வாங்கோ அன்ரி" என்றாள். கலியாண வீட்டு என்வலப்புக்குள் நூறு டொலர் வைத்தால் அதோடு ஒரு டொலரையும் செருகுகிற கை என்னுடையது. பூவிலும் அதையே செய்தது.

86ஆம் இலக்க பஸ்ஸில் கென்னடி நிலையம், அங்கிருந்து சப்வே. மூத்தோர் கட்டணம் இரண்டே கால் டொலர். கொஞ்சத் தூரம் வெளிச்சம், பிறகு சுரங்கம், டொன் ஆற்றுப் பாலத்தில் திரும்பவும் வெளிச்சம். மடியில் பூவோடு இருக்கிற கிழவியை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சுத் துணைக்கு எனக்கு ஜெனரலின் உத்தியோகக் கதைதான் இருந்தது. வேரா தேநீர் மேசையில் துண்டு துண்டாகச் சொன்னதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

பத்து வயதில் படைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். இருபதில் அதிகாரி. மஞ்சூரியாவில் ஜப்பானியரோடு சண்டை பிடித்துக் காலில் குண்டு வாங்கினார், அதற்கொரு பதக்கமும் வாங்கினார். முதலாம் உலக யுத்தத்தில் ஜெனரல். சக்கரவர்த்தி முடி துறந்ததும் சொந்தச் சிப்பாய்களே அவருடைய தோளில் கிடந்த பதவிப் பட்டியைப் பிய்த்தெறிந்தார்கள். கிரிமியாவிலிருந்து கடைசிக் கப்பல்களில் ஒன்றில் ஏறி, இஸ்தான்புல்லில் இறங்கி, பெல்கிரேட்டில் கணக்கெழுதிப் பிழைத்தார். வேரா பிறந்தது அங்கேதான். அடுத்த யுத்தம் அங்கேயும் வந்து துரத்த, எழுபதை நெருங்கிய வயதில் மகனோடும் பேத்தியோடும் ரொறன்ரோ வந்து, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரை கூட்டினார். கூட வேலை செய்தவர்கள் அவரை ஜெனரல் என்றுதான் கூப்பிட்டார்கள். அது யாரோ வைத்த பட்டப்பெயர் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

என் கணவர் ஊரில் பள்ளிக்கூட அதிபர். இங்கே டோனட் கடையில் மேசை துடைத்தார். அவரை ஒருவரும் பகிடிக்குக்கூட அதிபர் என்று கூப்பிடவில்லை. அந்த வகையில் ஜெனரல் கொடுத்து வைத்தவர்.

புளோர்-யங்கில் மாறி, நோர்த் யோர்க் சென்டரில் இறங்கும்போது பத்தே முக்கால். மேற்கே கால் மணி நேர நடை. சித்திரை முடிகிற வெயில் கண்ணுக்கு மட்டும்தான், காற்று எலும்பைப் பிடித்தது. ரஷ்யர் பகுதியில் தாடி வைத்த குருவானவர் பாடிக்கொண்டு நடந்தார். குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைச் சுற்றி நின்று ரொட்டியும் முட்டையும் பங்கிட்டார்கள். அவர்களைக் கண்டதும் எனக்கு என் வீட்டு நினைவு வந்தது. ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற என் மகன் தகப்பனின் கல்லறைக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

வேரா சொன்ன ஊசியிலை மரத்துக்குப் பின்னால் ஜெனரலைக் கண்டுபிடித்தேன். முழங்கால் உயரக் கல். மஞ்சூரியாவும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. சிலுவை, பெயர், வருடங்கள். அதன் கீழே இன்னொரு பெயர். ரஷ்ய எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் பிறந்த வருடம் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு கோடு, பிறகு வெறும் கல். வேரா தன் பெயரை முற்கூட்டியே வெட்டுவித்திருக்கிறார்.

கல்லைத் துடைத்து, முட்டையை வைத்து, பூவைப் பரப்பினேன். ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று தமிழிலேயே சொன்னேன். பிறகு வேராவுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் கல்லைக் காட்டினேன். வேராவின் உதடு அசைந்தது. பூவை எண்ணுகிறார்.

"பதினொன்று வைத்திருக்கிறாய்."

"ஒன்று கூட்டி வைப்பது எங்கள் பழக்கம்" என்றேன்.

"எங்களுக்கு இரட்டை எண் இறந்தவர்களுக்கு. ஒற்றை எண்ணில் பூக் கொடுப்பது உயிரோடு இருக்கிறவர்களுக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றை எடுத்து எறிந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எறியாதே. அந்தக் கல்லில் உயிரோடு இருக்கிறவள் ஒருத்தியின் பெயரும் இருக்கிறது. அவளுக்குக் கொண்டுவா."

வந்த வழியே திரும்பினேன். கையில் ஒரேயொரு பூ. என் கணவருக்கு இத்தனை காலமும் ஒற்றை எண்ணில்தான் பூ வைத்திருக்கிறேன். ரஷ்யர் கணக்குப்படி அவர் இன்னும் சாகவில்லை. அதை நினைத்து டொன் பாலத்தில் கொஞ்சம் அழுதேன். அப்போதும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு வேராவின் கதவைத் தட்டினேன். ஊன்றுகோலோடு வந்து திறக்க நிறைய நேரம் எடுத்தது. பூவைத் தேநீர்க் கிளாசில் வைத்து, எதிரில் இருந்து கனநேரம் பார்த்தார்.

"அடுத்த வருடமும் போவாயா?"

"போவேன்."

"போக முன்னம் என் கதவைத் தட்டு. நான் திறந்தால் பதினொன்று வாங்கு."

மற்றதை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"திறக்காவிட்டால் பன்னிரண்டு."