மூன்று நாட்டு மறியல்

என் தங்கையின் கணவர் ஆழ்கடல் படகில் எல்லை தாண்டிப் பிடிபட்டு, இந்தியாவிலும் மாலைதீவிலும் சிறையில் மறியல் இருந்தவர். இம்முறை சொந்த நாட்டுக் கடலிலேயே, வெடி வைத்து மீன் பிடித்தாரென்று பிடித்தார்கள். பிணைக்கு நான் கையெழுத்திடுவதாக ஏற்பாடு. தங்கை ஒரே நிபந்தனைதான் வைத்தாள்: இனி வெடியைத் தொடமாட்டேன் என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

வழக்குக்கு முதல்நாள் அதைக் கேட்கத்தான் சிறைக்குப் போனோம். வாசலில் காவலர் புட்டுப் பார்சலைக் கரண்டியால் கிளறிவிட்டு, என்னை ஒரு வாய் உண்ணச் சொன்னார். கொண்டுவந்தவர் உண்டு காட்டினால்தான் சாப்பாடு உள்ளே போகும். வீட்டில் அதே புட்டை வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவன் நான்.

கம்பிவலையின் இரு பக்கமும் எல்லோரும் கத்திக்கொண்டிருந்ததால் அவரும் கத்தினார்.

“மச்சான், இந்தியாவில காலை நீட்டிப் படுக்கலாம், வீட்டுச் சாப்பாடு வராது. மாலைதீவில மெத்தை தந்தவங்கள், கதைக்க ஒரு தமிழன் இல்லை. இஞ்ச புட்டு வருது, படுக்கத்தான் முறை வைக்க வேணும்!”

“அதை விடுங்கோ. நான் கேட்டதுக்குச் சொல்லுங்கோ,” என்றாள் தங்கை.

“பொறும். மாலைதீவுப் பருப்பு இருக்கே, வெறும் தண்ணி.”

“போன கிழமை கட்டிப் பருப்பு எண்டீங்கள்,” என்றேன்.

“அது இந்தியாவில, மச்சான்.”

பக்கத்தில் நின்ற கைதி கேட்டார்: “அண்ணை, அடுத்த முறைக்கு எந்த நாடு நல்லம்?”

மச்சான் யோசிக்கவே தொடங்கிவிட்டார்.

ஒப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒழுங்காக ஒப்பிட வேண்டும். ஒரு நாட்டுப் பருப்பைக் கொண்டுபோய் இன்னொரு நாட்டில் ஊற்றக்கூடாது. அந்தக் காலமெல்லாம் எங்கள் ஊரான பாலையூற்றில் என் தங்கை ஒருத்தி தனியே வீட்டை நடத்தினாள் என்பதோ அவருடைய ஒப்பீட்டில் எங்குமே வரவில்லை.

நேரம் முடிந்ததென்று காவலர் கை தட்டினார்.

“வெடி?” என்று தங்கை கத்தினாள்.

“நாளைக்கு வெளியில வந்து ஆறுதலாக் கதைப்பம்! போன பார்சல்ல சம்பலுக்கு உறைப்புக் காணாது!”

மறுநாள் நீதிமன்றத்தில் பிணையாளியை அழைத்தார்கள். எழுந்தேன். தங்கை என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“இருங்கோ அண்ணா.”

“என்ன?”

“அவர் இன்னும் பதில் சொல்லேல்லை.”

கூண்டிலிருந்து மச்சான் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அழைத்தார்கள். நான் உட்கார்ந்தேன்.