தண்ணீருக்கு ஒரு சைகை

சாலைக் கடைத்தெருவில் எங்கள் சங்கக் கட்டடத்து மாடியில், சனிக்கிழமைகளில் சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டும் சைகையும் சொல்லித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். காது கேளாதோரின் சைகைகளைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் மழைப் பாட்டின் நடுவே தண்ணீருக்கான சைகை மறந்துவிட்டது. கன்னத்தை இரண்டு முறை தொட்டுச் சமாளித்தேன். குழந்தைகளும் தொட்டார்கள். அடுத்த வாரம் திருத்திவிடலாம் என்றிருந்தேன்.

அடுத்த வாரம், வகுப்புக்கு வரும் காது கேளாத மூன்று வயதுக்காரியின் அம்மா படியேறும்போதே சொன்னாள்: "அக்கா, இவ மொதமொதலா தண்ணி கேட்டாளாக்கும். இப்படி." கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இப்போ இவ அப்பாவும் சாயாவுக்கு கன்னத்தத்தான் தட்டுறாரு. இனி ஸ்கூல்லயும் கேட்டு வாங்கிக்குவா, இல்லியா?"

பள்ளியில் அது யாருக்கும் புரியாதே. தப்பு என்று சொன்னால் குழந்தையிடம் இருக்கும் ஒரே சொல்லைப் பிடுங்கியதாகாதா? சொல்லாவிட்டால் தாகத்தோடு உட்கார்ந்திருப்பாளே.

மழைப் பாட்டு வந்ததும் கன்னத்தைத் தொட்டேன், உடனே சரியான சைகையையும் காட்டினேன். மற்றவர்கள் இரண்டையும் செய்தார்கள். அந்த மூன்று வயதுக்காரி மட்டும் கன்னத்தைத் தொட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

பாட்டை நிறுத்திவிட்டு அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"அப்போ ரெண்டுல எது சரி, அக்கா?" என்றாள் பார்த்துக்கொண்டிருந்த அம்மா.