தூக்கத்தை விற்காத ஜுஹைனா

காலை ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் முன்னால்கூட ஜுஹைனா வேலைக்கு வரமாட்டாள். தூனிசியாவின் பிசெர்த் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள அந்த ரொட்டிக் கடையில் மற்ற எல்லோரும் அதிகாலை மூன்று மணிக்கே மாவு பிசைய வந்துவிடுவார்கள். முதலாளி முன்ஸிஃப் கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். "சம்பளத்தை வேணா குறைச்சுக்கோங்க. என் தூக்கத்துல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சுடும் ரொட்டிக்கு மத்தியானம் தெருமுனை வரை ஆள் நிற்பதால் அவரும் அடங்கிப் போனார்.

வயது நாற்பத்தாறு. கடையில் யாராவது சண்டை போட்டால் மாவுக் கையோடு வெளியே போய் நின்றுகொள்வாள். "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். மாதம் ஒருமுறை எதிரே இருக்கும் என் மருந்துக் கடைக்கு வந்து, எல்லோர் காதும் கேட்க, "என் மூளைக்கு மாத்திரை குடுங்கண்ணே" என்பாள். நான் குரலைத் தாழ்த்தினால் கோபம் வரும். "சர்க்கரை மாத்திரைக்கும் இப்படித்தான் கிசுகிசுப்பீங்களா?"

போன வசந்தத்தில் மஹ்ரெஸ் அவளைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தார். படகு எந்திரம் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர், ஆறு மாதமாக அந்த மத்தியான வரிசையில் நின்றவர். கூட அவருடைய அக்கா ஷாத்லியா. பெண் பக்கத்தில் ஆண் துணை இல்லை என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்ததும் ஷாத்லியா, ஜுஹைனாவின் இரட்டைச் சகோதரி ரஃப்லாவைக் கட்டிப்பிடித்து, "தம்பி சொன்னதை விட லட்சணமா இருக்கியே" என்றாள்.

"நான் மூணு பிள்ளை பெத்தவ. பொண்ணு அதோ."

சிரிப்பு அடங்குவதற்குள் ஜுஹைனா இனிப்புத் தட்டை வைத்துவிட்டு, நின்றபடியே ஆரம்பித்தாள். "எடுக்கறதுக்கு முன்னாடி ஒன்னு கேட்டுக்கோங்க. எனக்கு மனச்சிதைவு நோய் இருக்கு. இருபத்திரெண்டு வயசுல வந்துச்சு."

தட்டுக்கு நீண்ட ஷாத்லியாவின் கை நின்றது. "அது ரத்தத்துல வர்றதுதானே?"

"வரும். எங்க சித்திக்கும் இருந்துச்சு. ஆனா இவளைப் பாருங்க. ஒரே கருவுல உண்டானவங்க நாங்க. என் ரத்தம்தான் இவளுக்கும். இவளுக்கு ஏன் வரல?"

ஜுஹைனாவே பதிலும் சொன்னாள்.

"கடலுக்குப் போன அப்பா திரும்பல. இவ அம்மா மடியில விழுந்து அழுதா. நான் தலைநகர் தூனிஸ்ல, தையல் தொழிற்சாலையில ராத்திரி வேலையில இருந்தேன். பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்ல. நிச்சயம் பண்ணினவனும் வேணாம்னுட்டான். நாலு மாசம் சரியாத் தூங்கல. ஒருநாள் தையல் மெஷின் என் பேரைச் சொல்லித் திட்டுச்சு. பிறக்கும்போதே என்கிட்ட ஒரு மெலிவு இருந்திருக்கு. அது மேல அந்த வருஷம் இத்தனையும் ஏறிடுச்சு. ரெண்டும் சேர்ந்துதான் என்னைச் சாய்ச்சுது."

ரஃப்லா தலை குனிந்தபடி சொன்னாள்: "தூனிஸுக்கு யாரு போறதுன்னு காசு சுண்டிப் பார்த்தோம். இவ போக வேண்டியதாச்சு. நான் போயிருந்தா இன்னைக்கு மாத்திரை யாருக்கோ, தெரியாது."

ஜுஹைனா அவள் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "முப்பத்திநாலு வயசுல, சரியாப் போச்சுன்னு மாத்திரையை விட்டேன். ரமலான்ல விடிய விடிய ரொட்டியும் சுட்டேன். திரும்ப வந்துடுச்சு. அதுலேருந்து பன்னிரண்டு வருஷமா மாத்திரையையும் விடல, தூக்கத்தையும் விடல. நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு எப்படின்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"நல்லா யோசிச்சுக்கோடா" என்றாள் ஷாத்லியா தம்பியிடம்.

மஹ்ரெஸ் திரும்பி ஜுஹைனாவிடம் கேட்டார்: "எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"பத்துக்கு."

"அக்கா, நம்ம வீட்டுக் கல்யாணம் மத்தியானமே ஆரம்பிக்கட்டும். எட்டு மணிக்கு மேளத்தை நிறுத்திடலாம்."

"எட்டு மணிக்கா? இங்க கல்யாணம்னா விடிய விடிய மேளம். ஊரே சிரிக்கும்டா."

"சிரிச்சுட்டு அவங்களும் போய்த் தூங்கட்டும்."

ஜுஹைனா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.