பெட்டிச் சுருட்டும் கட்டுச் சுருட்டும்

சுருட்டு குடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதிலும் பெட்டிச் சுருட்டு குடிக்கிறவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. கட்டுச் சுருட்டுக்காரன் குடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவான். பெட்டிச் சுருட்டுக்காரனுக்கு நாம் நின்று வாயைப் பிளக்க வேண்டும். என் மாமனார் இரண்டாவது ரகம்.

பாகூரில் நெல்லும் கரும்புமாக அவருக்கு நல்ல நிலம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. எங்கள் ஊர்த் தலைவரான மேர் பெட்டிச் சுருட்டு குடிப்பார் என்பதற்காகவே இவரும் குடித்தார். கப்பலில் வந்த சரக்கு; ஒவ்வொன்றின் இடுப்பிலும் தங்க நிறத்தில் ஒரு காகித வளையம். அந்த வளையத்தை மட்டும் கழற்ற மாட்டார். அது இல்லாவிட்டால் ஊருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலையோடு சுருட்டும் வைப்பது அந்த வீட்டு வழக்கம். அதற்குத் தட்டு இரண்டு. ஒன்றில் பெட்டிச் சுருட்டு, மற்றதில் வில்லியனூரிலிருந்து கட்டுக் கட்டாக வரும் நாட்டுச் சுருட்டு. வந்தவரை எடைபோட்டுவிட்டு மாமனார் கண்ணால் ஜாடை காட்டுவார். அத்தை அதற்கேற்ற தட்டை எடுத்து வருவார். கரிக்கலாம்பாக்கத்தில் சொந்தக் கையால் ஏர் ஓட்டிய என் அப்பாவுக்கு எப்போதும் கட்டுச் சுருட்டுதான். அவரோ அதை ஆசையாக எடுத்துப் பற்றவைப்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

இரண்டில் எது உசத்தி என்று கேட்டால், சாம்பல் அள்ளியவள் என்ற முறையில் சொல்கிறேன். கட்டுச் சுருட்டின் புகை தொண்டையைப் பிடிக்கும், ஆனால் காற்று வந்தால் போய்விடும். பெட்டிச் சுருட்டின் புகை தலையணைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மசக்கையில் எனக்கு இரண்டுமே குமட்டின. இரண்டுக்கும் எச்சில் படிக்கம் ஒன்றுதான், கழுவியவளும் நான் ஒருத்திதான்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. தலைச்சன் பிள்ளை. அங்கே அம்மா அறையை மெழுகி வைத்துக் காத்திருந்தாள். அம்மா பக்கத்தில் இருந்தால் எந்த வலியையும் தாங்கிவிடலாம் என்ற ஒரே தைரியத்தில்தான் நான் அந்த வீட்டில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மாமனார் என் அப்பாவிடம் ஆள் அனுப்பினார். வளைகாப்புக்கு மேர் வருகிறார், அதனால் சீரோடு ஒரு முழுப் பெட்டிச் சுருட்டும் வர வேண்டுமாம், அதுவும் முன்கூட்டியே.

அப்பா புதுச்சேரிக்குப் போய், துரைமார்கள் சாமான் வாங்கும் கடையில் ஒரு பெட்டி வாங்கி, மேல்துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மாமனார் ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே வைத்து உருட்டினார். சத்தம் வரவில்லை. அமுக்கினார், அமுங்கியது.

"இன்னா சம்மந்தி, நமுத்துப் போன சரக்க உன் தலையில கட்டிட்டானா?"

"இல்லீங்க, புதுப் பெட்டிதான். அது மெத்துனுதான் இருக்குமாம். வெயில் படாம வெச்சிக்கச் சொன்னாரு கடைக்காரரு."

"சுருட்டப் பத்தி எனக்கே சொல்றியா நீ?"

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாமனார் அதுவரை ஒரு பெட்டியைப் பிரித்ததே இல்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் கடைவீதியில் மூடியில்லாத கண்ணாடிச் சாடியில் மாதக்கணக்கில் கிடந்து வறண்டுபோனதைத்தான் ஒன்றிரண்டாக வாங்கி, இத்தனை காலமாகப் பெருமையடித்துக் கொண்டிருந்தார். அது உருட்டினால் சருகு மாதிரி சலசலக்கும். கட்டுச் சுருட்டை அப்படி உருட்டிப் பார்த்துத்தான் எல்லாரும் வாங்குவார்கள். கப்பல் சரக்கும் சலசலக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டார். அத்தை அத்தனை சுருட்டையும் முறத்தில் பரப்பி மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சித்திரை வெயில். வளைகாப்பு நாள்வரை காய்ந்தன.

அன்று மேர் வந்தார். மாமனார் தன் கையாலேயே சுருட்டை நீட்டினார். பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் மேல் இலை வெடித்துப் பிரிந்து, தீப்பொறி மேரின் வெள்ளைக் காற்சட்டையில் விழுந்தது. "இன்னாய்யா இது, சருகக் கொளுத்திக் குடுக்குற?" என்று அதை எறிந்துவிட்டு, அப்பா கையிலிருந்த கட்டுச் சுருட்டில் ஒன்றை வாங்கிப் பற்றவைத்தார். "இது எவ்ளோ தேவலாம்" என்று சொல்லிவிட்டும் போனார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமனாரின் முகம் செத்துப் போனதைக் கண்குளிரப் பார்த்தேன். மேரின் வண்டி தெருமுனை திரும்பும்வரைதான் அந்தச் சந்தோஷம்.

"போலிச் சரக்கக் குடுத்து சபையில என் மானத்த வாங்கிட்ட இல்ல? என் பேரன் உன் வூட்ல பொறக்க மாட்டான். வண்டிய ஓட்டிக்கினு தனியா போ" என்றார் மாமனார்.

வெயில் படக்கூடாது என்று கடைக்காரர் சொன்னதை அப்பா எடுத்துச் சொல்லியிருக்கலாம். முறத்தில் காயவைத்ததை அத்தை சொல்லியிருக்கலாம். என் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன்: "வெயில்ல போட்டுக் கெடுத்தது நீங்கதான் மாமா." கை நிறைய வளையலோடு விறுவிறுவென்று வெளியே போய் அப்பாவின் கூண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "போலாம்பா" என்றேன்.

அப்பா மாட்டை ஓட்டவில்லை. வண்டிக்குப் பின்பக்கம் வந்து நின்றார்.

"எறங்கும்மா. அவுரு உத்தரவு இல்லாம எப்டி கூட்டினு போறது?"

இறங்கினேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, மாமனாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். மாமனாரை வெறுப்பது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. அன்றைக்கு அப்பாவையும் வெறுத்தேன். இன்றுவரை அது ஆறவில்லை.

பிள்ளை அந்த வீட்டின் பின்கட்டில்தான் பிறந்தான். வலி வந்தபோது, "அம்மான்னு கத்துடி, சீக்கிரம் வந்துரும்" என்றாள் மருத்துவச்சி. அம்மா அந்தக் குரல் கேட்காத தூரத்தில் இருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் பெற்றேன்.